பயிர் மஞ்சளா, சாய்வா, பதரா? யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

நெல் வயலில் எது கெட்டாலும் நம் கை முதலில் போவது யூரியா மூட்டைக்குத்தான். மஞ்சளா, யூரியா. தூர் கட்டவில்லையா, யூரியா. பக்கத்து வயல் நம்முடையதைவிடப் பச்சையா, அதற்கும் யூரியா. இந்தப் பழக்கம் ஏன் அடிக்கடி ஏமாற்றுகிறது என்றால், நெல்லில் தழைச்சத்து (நைட்ரஜன்) கோளாறு மாதிரி தெரிவது பல நேரம் தண்ணீர்க் கோளாறு. தண்ணீர்க் கோளாறு மாதிரி தெரிவதற்குப் பின்னால் பல நேரம் தழைச்சத்து இருக்கும். இரண்டில் ஒன்றைத் தொடும் முன் மற்றதைப் பார்த்துவிட வேண்டும். கீழே இருப்பது காவிரி டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடிப் பருவங்களை மனதில் வைத்து எழுதியது. உங்கள் வயலில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் வேர் வேலை செய்கிறது. கறுத்துப்போய், முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட வேருக்கு எத்தனை யூரியா போட்டாலும் எடுத்துக்கொள்ளாது.

அடுத்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேலே தெரிகிற தண்ணீர் மட்டும் கணக்கில்லை, மண்ணுக்குள் இருப்பதும் கணக்கு. இதற்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். 30 செ.மீ. நீளம், நாலு முதல் ஆறு அங்குல அகலம். கீழ்ப்பக்கம் 20 செ.மீ. வரை துளை போட்டு, அந்தப் பகுதியை மண்ணுக்குள் இறக்கி, 10 செ.மீ. வெளியே நிற்கும்படி நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய எளிய கருவி இது; கீழே நீர்க்குழாய் என்று சொல்வது இதைத்தான். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் அதே மட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துளை அடைத்திருக்கிறது. மேலே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை தண்ணீர் தெரிகிறதென்றால் பயிருக்குத் தாகமில்லை. அதற்குக் கீழே போனால் பாய்ச்சலாம். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவதை, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம்மூரில் சொல்வதை, அளந்து செய்வதற்கு இதுதான் கருவி.

மூன்றாவது, இதுவரை எவ்வளவு தழைச்சத்து போட்டிருக்கிறீர்கள் என்ற கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, டெல்டாவில் ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. வெள்ளைப் பொன்னி மாதிரி உரத்துக்கு அதிகம் அசையாத ரகத்துக்கு அதில் பாதி, 75 கிலோ. அந்த 150 கிலோவை ஏக்கருக்கு மாற்றினால் 60 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து என்பதால் அது சுமார் 130 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்று. மூன்று மா ஒரு ஏக்கர் ஆகையால் மாவுக்கு ஒரு மூட்டை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இது மொத்தப் பயிர்க்காலத்துக்கும், நாலு தவணையாகப் பிரித்து. இங்கே பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அடியுரமாகப் போட்ட ஒரு மூட்டை டி.ஏ.பி.யிலும் (டை அம்மோனியம் பாஸ்பேட்) 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அது 20 கிலோ யூரியாவுக்குச் சமம். காம்ப்ளக்ஸ் என்கிற கலப்பு உரம் போட்டிருந்தால் அதையும் கூட்டுங்கள். கூட்டிப் பார்த்தால் பலரும் பரிந்துரையை எப்போதோ தாண்டியிருப்பார்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் முதல் கேள்வி. தழைச்சத்து குறைந்தால் பயிர் பழைய இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை முதலில் வெளிறும், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கும், வயல் முழுக்க ஒரே சீராகத் தெரியும். இப்படி இருந்தால், வேரும் வெள்ளையாக இருந்தால், அது தழைச்சத்துப் பசிதான். இலை வண்ண அட்டையை, அதாவது வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் உள்ள அட்டையை, எடுங்கள். நடவிலிருந்து 14-ஆம் நாள் தொடங்கி பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், நன்றாக விரிந்த உச்சி இலையைப் பறிக்காமல், உங்கள் நிழலிலேயே வைத்து ஒப்பிட வேண்டும். பத்துக் குத்தில் ஆறு இலை, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே வெளிறித் தெரிந்தால் ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ யூரியா போடலாம். ஒவ்வொரு வாரமும் அதே ஆள் பார்ப்பது நல்லது. கண்ணுக்குக் கண் பச்சை மாறும்.

அடி இலை பச்சையாக இருந்து, புது இலை வெளிறி வந்தால் யூரியாவைத் தொடாதீர்கள். அது கந்தகக் குறைவாக இருக்கலாம். அம்மோனியம் சல்பேட்டோ ஜிப்சமோ உதவும். புழுதி விதைப்பு வயலில், இன்னும் தண்ணீர் கட்டாத கட்டத்தில், புது இலை வெள்ளை வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. காய்ந்த மண்ணில் இரும்பு பயிருக்குக் கிடைக்காத வடிவில் கிடக்கும். தண்ணீர் கட்டியதும் தானாகவே கிடைக்கத் தொடங்கும். பாய்ச்சத் தண்ணீர் இல்லையென்றால் ஒரு சதவீத பெரஸ் சல்பேட் கரைசலைத் தெளிக்கலாம்.

நட்டு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள், திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாகி, இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகக் குறைவு. இதற்கும் தண்ணீருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. களர்ப் பாங்கான (காரத்தன்மை மிகுந்த) மண்ணில் இடைவிடாமல் தண்ணீர் நின்றால் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போய்விடும். எனவே முதல் வேலை, மடையைத் திறந்து தண்ணீரை வடிப்பது. அப்புறம் அரை சதவீத ஜிங்க் சல்பேட்டுடன் ஒரு சதவீத யூரியா கலந்து தெளிப்பு, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில். அடுத்த பருவத்தில் கடைசி உழவுக்குப் பிறகு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவிவிட்டால் இந்தத் தொல்லை வராது. டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்க வேண்டாம்.

இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, அங்கங்கே பயிர் குன்றி நின்றால் துங்ரோ வைரஸை நினையுங்கள். பச்சைத் தத்துப்பூச்சி பரப்புவது. உரமும் தண்ணீரும் இதைத் தீர்க்காது. யூரியா போட்டால் பூச்சிக்குத்தான் விருந்து.

வேர் கறுத்து நாறுகிற மஞ்சள் மிச்சம். பசுந்தாளோ வைக்கோலோ மடக்கி உழுது, அது மக்குவதற்குள் நட்டு, தண்ணீரையும் வடிக்காமல் வைத்த வயலில் இது அதிகம். வைத்தியம் எளிது: வடித்துவிட்டு, மயிரிழை வெடிப்பு தெரியும் வரை காயவிடுங்கள். புது வெள்ளை வேர் வந்த பிறகு அட்டையை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை தானாகவே திரும்பியிருக்கும், மூட்டை மிச்சம்.

யூரியா போட்டும் பயிர் அசையவில்லை

போட்ட அன்று வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றது? நாலு விரல் தண்ணீரில், வெயில் ஏறிய பிறகு வீசியிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. தண்ணீரில் கரைந்த யூரியா ஓரிரு நாளில் அம்மோனியமாக மாறும். அந்தத் தண்ணீரில் பாசி இருந்தால் அது பகலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரின் காரத்தன்மை ஏறும். காரமான தண்ணீரில் அம்மோனியம் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். இந்த இழப்பு முதல் வாரத்திலேயே பெருமளவு நடந்து முடிந்துவிடும். தண்ணீர் கட்டிய நெல்லில் போடும் தழைச்சத்தில் பயிர் எடுப்பது பொதுவாக நூற்றுக்கு 30, 40 பங்குதான் என்று சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி, காய்ந்த வயலில் போட்டால்? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வெடிப்பு விழக் காய்ந்த மண்ணில் காற்று புகுந்து அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். பிறகு தண்ணீர் கட்டியதும் அந்த நைட்ரேட், மண்ணில் காற்றில்லாத நிலையில், நைட்ரஜன் வாயுவாகக் குமிழிட்டுப் போகும்; கொஞ்சம் தண்ணீரோடு கீழே இறங்கும். ஒரு வாரம் காயப்போட்டு, யூரியா வீசி, மறுபடி பல நாள் காயவிட்டு, பிறகு தண்ணீர் கட்டுவது என்பது பணத்தைப் பாதி ஆற்றில் போடுவதற்குச் சமம். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து விளைச்சல் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களின் வயலில் பல நேரம் நடந்திருப்பது இதுதான். முறையின் மேல் பழி விழுகிறது, தவறு யூரியா போட்ட நாளில் இருக்கிறது.

வழி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீர் வற்றி, மண் சேறாக, கால் பதியும் ஈரத்தில் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் யூரியா வீசுங்கள். மறுநாள் இரண்டு விரல் தண்ணீர் கட்டுங்கள். கரைந்த யூரியா தண்ணீரோடு வேர்மட்டத்துக்கு இறங்கிவிடும், பாசிக்கும் வெயிலுக்கும் எட்டாது. அந்தத் தண்ணீர் மூன்று நாலு நாள் நிற்கட்டும், பிறகு வழக்கம்போலக் காயவிடலாம். உர நாளையும் பாய்ச்சல் நாளையும் இப்படி ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் தனியாக எந்தச் செலவும் இல்லாமல் இரண்டும் மிச்சமாகும். என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கத்தை மாற்றிவிட்டுத்தான் வேறு எதையும் வாங்க வேண்டும்.

யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற அளவில் கலந்து இரவு முழுக்க வைத்திருந்து போடுவது பழைய பரிந்துரை. இப்போது கடையில் கிடைக்கும் யூரியா ஏற்கெனவே வேப்பெண்ணெய் பூசியதுதான். இருந்தாலும் கந்தகம் குறைந்த மண்ணில் ஜிப்சம் கலப்பது வீண்போகாது.

இன்னொன்று. வயலுக்கு வயல் தண்ணீர் வழிந்து போகிற பாசனத்தில், மேல் வயலில் போட்ட யூரியா கீழ் வயலில் பச்சை காட்டும். உங்கள் வயல் மேலே இருந்தால் உரம் போட்ட அன்று மடையை அடைத்து, மூன்று நாள் திறக்காதீர்கள். கீழே இருந்தால், உங்கள் பயிர் அளவுக்கு மீறிப் பச்சையாக இருப்பதன் ரகசியம் இதுவாகவும் இருக்கலாம்!

ஒரே வயலில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக

மேடு பள்ளம். மேட்டில் தண்ணீர் நிற்காமல் களை ஏறும், தழைச்சத்து வீணாகும். பள்ளத்தில் ஆழத் தண்ணீரில் தூர் குறையும். யூரியாவை மஞ்சள் திட்டுக்கு மட்டும் கூடுதலாகப் போட்டாலும் அடுத்த காய்ச்சலில் அது போய்விடும். இந்தப் பருவத்தில் செய்ய முடிவது குறைவு. அடுத்த நடவுக்கு முன் பரம்பைச் சரியாக ஓட்டுங்கள், கிடைத்தால் லேசர் லெவலர் வையுங்கள். நீர்க்குழாயை மேட்டிலும் நடாதீர்கள், பள்ளத்திலும் நடாதீர்கள். நடுத்தர மட்டத்தில் வைத்தால்தான் அளவு ஏமாற்றாது.

தண்ணீர் கட்டினால் நிற்கவே இல்லை

முதலில் வரப்பைச் சுற்றி நடந்து நண்டு வளை, எலி வளை தேடுங்கள். அடுத்து வெடிப்பு. மயிரிழை அளவில் பாய்ச்சினால் மண் உடனே மூடிக்கொள்ளும். விரல் நுழையும் வெடிப்பு வரை விட்டால், அது சேறடித்த அடுக்கைக் கிழித்துக்கொண்டு கீழே போகும். பிறகு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடினாலும் தண்ணீர் வேருக்குப் பக்கத்திலேயே நிற்காமல் நேராக இறங்கும், நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு. களிமண் வயலில் காய்ச்சல் தண்ணீரை மிச்சப்படுத்தாமல் போவது இப்படித்தான். மணற்பாங்கான வயலாக இருந்தால் ஒரு தடவைக்குப் போடும் யூரியாவைக் குறைத்து, தவணையைக் கூட்டுங்கள்.

அளவுக்கு மீறிப் பச்சை, புகையான் வட்டம் வட்டமாக

கரும்பச்சை இலை பார்க்க அழகு. ஆனால் தழைச்சத்து மிகுந்த இளசான பயிர், அடித்தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் பிடித்தமானது. நெருக்கமான நடவும் அடித்தூரில் தண்ணீரும் சேர்ந்தால் புகையான் குடியேறும். மேலுரத்தை நிறுத்துங்கள். தண்ணீரை வடித்து மூன்று நாலு நாள் காயவிடுங்கள். எட்டடிக்கு ஓரடி வீதம் பட்டம் பிரித்து, அதாவது பயிரை விலக்கி இடைவெளி விட்டு, அடித்தூரில் காற்றும் வெளிச்சமும் படச் செய்யுங்கள். மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் சைபர்மெத்ரின் வகையறாவைத் தவிருங்கள். அவை இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானை இன்னும் பெருக்கிவிடும்.

கதிர் வந்த பிறகு பயிர் சாய்கிறது

வடகிழக்குப் பருவமழையில் சம்பா சாய்ந்தால் மழையைத் திட்டுகிறோம். மழை கடைசித் தள்ளு மட்டும்தான். தண்டு உருண்டு நீளும் கட்டத்தில் தழைச்சத்து மிகுந்திருந்தால் அடிக்கணுக்களின் இடைவெளி நீண்டு, சுவர் மெலிந்துவிடும். எப்போதும் ஆழத் தண்ணீர் நின்றால் அடித்தண்டு இன்னும் மெலியும், சேறு இறுகாமல் வேர்ப்பிடியும் தளரும். அதற்கு மேல் கனத்த கதிர், ஈரம், காற்று. சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமான பாரம்பரிய ரகத்துக்கு நவீன ரகத்தின் உரத்தைப் போட்டால் மழைகூட வேண்டாம்.

சாய்ந்த பிறகு செய்ய முடிவது, தண்ணீரை உடனே வடிப்பதும், ஆள் கிடைத்தால் நாலைந்து குத்தைச் சேர்த்துக் கட்டுவதும். தடுக்க வேண்டிய நேரம் முன்பே இருக்கிறது. தூர் கட்டி முடிந்து கதிர் உருவாகும் முன் ஒரு காய்ச்சல் கொடுங்கள். கதிர் உருவாகும் தவணையை அட்டை கேட்டால் மட்டும் போடுங்கள். சாம்பல் சத்தை (பொட்டாஷ்) மொத்தமாக அடியுரத்தில் முடித்துவிடாமல் மேலுரத்திலும் கொஞ்சம் சேருங்கள்.

பதர் அதிகம்

இங்கே மட்டும் தண்ணீர் சிக்கனம் பேசக் கூடாது. கதிர் உருவாவதிலிருந்து பூத்து முடியும் வரை நெல் தாகத்தைத் தாங்காது; பூக்கும் வாரத்தில் மண் காய்ந்தால் மகரந்தம் சரியாகச் சேராமல் மணி பதராகும். பூ, அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன். கதிர் உருவாவது, அறுவடைக்குச் சுமார் 65 நாள் முன். 110 நாள் குறுவை என்றால் விதைத்து 45-ஆம் நாள் வாக்கில் தொடங்கி 80-ஆம் நாள் வரை. முறைப்பாசனத்தில் கடைமடையில் இருப்பவர்கள் இந்த நாட்களை முன்கூட்டியே கணக்கிட்டு, முறை எப்போது வரும் என்று பார்த்து, தேவையானால் போர் தண்ணீரை இதற்கென்று மிச்சம் வைக்க வேண்டும். இந்தக் காலத்தில் நீர்க்குழாயை மறந்துவிட்டு இரண்டு விரல் தண்ணீரை நிறுத்துங்கள்.

பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறினாலும் பதர் வரும். கதிர் முழுசாக வெள்ளையாக நின்று, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டு துளைப்பான். மணி பாதி நிரம்பிக் கருக்காயாக இருந்தால் சீக்கிரமே தண்ணீரை வடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன் நிறுத்தினால் போதும்.

விளைச்சல் சரி, ஆனால் மோட்டார் நிற்கவே இல்லை

இலவச மின்சாரம் இருப்பதால் இதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை. நிலத்தடி நீர் இறங்கும் போதுதான் உறைக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏக்கரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்பது சுமார் 4,000 லிட்டர். பயிர்க்காலம் முழுக்க 1,200 மி.மீ. பாய்ந்தால் 48 லட்சம் லிட்டர். 2,500 கிலோ நெல் விளைந்தால் கிலோவுக்கு 1,920 லிட்டர். அதே தண்ணீரில் தழைச்சத்துப் பசியால் 1,800 கிலோதான் விளைந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 2,670 லிட்டர். பயிர் பசியோடு நின்றாலும் வயலில் ஆவியாவதும் கீழே இறங்குவதும் பெரிதாகக் குறைவதில்லை. எனவே உரத்தில் கஞ்சத்தனம் தண்ணீரையும் வீணாக்குகிறது. மறுபக்கம், அளவான உரத்தோடு குழாய் பார்த்துப் பாய்ச்சி ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கிலோவுக்கு 1,540 லிட்டர் வாக்கில் வரும். அளவுக்கு மேல் போடுகிற யூரியா இந்தக் கணக்கில் எதையும் கூட்டுவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு விளைச்சல் ஏறாமல் பூச்சியும் சாய்வும்தான் ஏறும்.

இப்படிக் குழாய் பார்த்துப் பாய்ச்சத் தொடங்கும்போது, நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் காயவிடாதீர்கள். அப்போது காய்ந்தால் கோரையும் புல்லும் முந்திக்கொள்ளும், பிறகு களையெடுப்புக் கூலியில் மிச்சமெல்லாம் போய்விடும்.

கடலோரத்தில் இலை நுனி வெள்ளையாகக் கருகுகிறது

வேதாரண்யம் பக்கம், ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே உள்ள வயல்களில் இந்தக் கருகலைத் தழைச்சத்துக் கோளாறாக நினைக்க வேண்டாம், அது உப்பு. இந்த வயலில் காய்ச்சல் வேண்டாம். மண் காயும்போது தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே ஏறி வேர்மட்டத்தில் திரளும், இலைக் கருகல் இன்னும் அதிகமாகும். நல்ல தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் கட்டி, வடித்து, மறுபடி கட்டி உப்பைக் கழுவிவிட்டு, மெல்லிய தண்ணீரை நிறுத்தியே வையுங்கள். யூரியாவைச் சின்னச் சின்னத் தவணையாகப் போடுங்கள். போர் தண்ணீரைப் பாய்ச்சுவதென்றால் அதன் உப்பளவை மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் கொடுத்துத் தெரிந்துகொண்டு பாய்ச்சுங்கள். கோடையில் எடுத்த அளவை மழைக்குப் பிறகும் ஒருமுறை எடுப்பது நல்லது.